அட்டெய்ன்மென்ட் 3 வந்துச்சு, ஆனா பைக் கேஸ்ல மாட்டிக்கிட்டாங்க

கடலூர்ல ஒரு காலேஜ்ல கிரிமினாலஜி எடுக்கறேன். செமஸ்டர் முடிஞ்சா சிஓ, பிஓ மேப்பிங் (பேப்பர்லயும் கோர்ஸ்லயும் கத்துக்க வேண்டியதை பசங்க எவ்ளோ கத்துக்கிட்டாங்கன்னு பார்க்கற கணக்கு) வேலை வந்துடும், மார்க்கை எக்செல்ல போட்டா அதுவே 1, 2, 3னு அட்டெய்ன்மென்ட் லெவல் காட்டிடும். இந்த தடவை ப்ரொசீஜர் பேப்பருக்கு 3, அதாவது ஃபுல். எனக்கு சந்தோஷமே வரல.

ஏன்னா கடைசி வாரம் கிளாஸ்ல ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கடலூர்காரர் ஒருத்தர் பாண்டி போற வழியில முள்ளோடை தாண்டி கன்னியக்கோயில்ல டீ குடிக்க பைக்கை நிறுத்துறாரு, வந்து பார்த்தா வண்டி இல்ல, பதறிப்போய் பஸ் புடிச்சு கடலூருக்கே திரும்பி வந்து ஸ்டேஷன்ல சொல்றாரு, அங்க "இது பாண்டி லிமிட்டு, அங்க போங்க"ன்றாங்க. கூட நீங்க இருக்கீங்க, என்ன பண்ணுவீங்க?

பாதிப் பேருக்கு மேல "பாண்டி லிமிட்டுல இருக்கற கிருமாம்பாக்கம் ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போவேன்"னு எழுதிட்டாங்க. இதே பசங்கதான் இன்டர்னல்ல ஜீரோ எஃப்ஐஆர்னா (வேற ஸ்டேஷன் லிமிட்டுல நடந்த குற்றத்துக்கும் இங்கயே போடற எஃப்ஐஆர்) என்னன்னு அச்சு அசலா எழுதினவங்க! 2024 ஜூலை 1ல இருந்து பழைய சிஆர்பிசி 154வது பிரிவு இப்ப புது குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 173, குற்றம் எந்த ஏரியால நடந்திருந்தாலும் தகவலை வாங்கணும், எஃப்ஐஆர் காப்பி ஃப்ரீயா குடுக்கணும், கேஸை அப்புறம் அந்த ஸ்டேஷனுக்கு மாத்திக்கலாம், எல்லாம் மனப்பாடம்.

தப்பு எங்க மேலதான். "விவரி"ன்னு ஒரு கேள்வியை போட்டு பக்கத்துல கே4னு, அதாவது அலசிப் பார்க்கற லெவல்னு எழுதிடறோம், ஆனா அதுக்கு ஞாபக சக்தி மட்டும் போதும்.

இன்டர்னல்ல ரொம்ப கம்மி மார்க் வாங்கின ஒரு பொண்ணு மட்டும் "சார், வண்டி 5000 ரூபாய்க்கு மேல போகுமா?"ன்னு திருப்பி கேட்டா. அப்படியே நின்னுட்டேன். 5000க்கு கீழ திருட்டுன்னா இப்ப நான்-காக்னிசபிள் (கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாது), மேலன்னா காக்னிசபிள் (போலீஸே நேரா விசாரிக்கலாம்), அப்ப 2013 சுப்ரீம் கோர்ட் லலிதா குமாரி தீர்ப்புப்படி எஃப்ஐஆர் போட்டே ஆகணும். கேஸை எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு அவளுக்கு தெரிஞ்சிருக்கு, அதை போட எக்செல்ல ஒரு கட்டம் கூட இல்ல.

அடுத்த செமஸ்டர் முதல் நாளே இதே பைக் கேஸை குடுத்து ஒரு பக்கம் புகார் மனு எழுத சொல்லப்போறேன், தமிழ்லதான், வண்டி நம்பர், நேரம், இடம், யார் பார்த்தாங்க எல்லாம் வரணும். கடைசி வாரம் திரும்ப எழுத வெச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்க்கணும். தெரிஞ்ச ரிட்டையர்டு எஸ்ஐ ஒருத்தர், பேர் தெரியாம குடுங்க, எதை வெச்சு எஃப்ஐஆர் போடலாம்னு நான் படிச்சு சொல்றேன்னிருக்காரு.