எழுதிக் கொடுங்க மேடம்: தனியாளாக வீட்டுக்கடனைச் சமாளித்த அனுபவம்

பிள்ளையோடு தனியாக நின்று வீட்டுக்கடன் கட்டும் பெண்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கியோடு போனில் பேசிய எதுவும் எனக்கு உதவவில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிய ஒவ்வொன்றும் உதவியது. பேசினால் இரக்கப்படுவார்கள். எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

கோவை துடியலூர் பக்கம் எங்கள் வீடு. அப்பா கொடுத்த பணத்தில் இடம் வாங்கி, 2021 பிப்ரவரியில் 25 லட்சம் கடன் எடுத்துக் கட்டினோம். 6.9 சதவீத வட்டி, 20 ஆண்டு, மாதம் 19,233 ரூபாய். இரண்டு சம்பளம் வந்தபோது அது பாரமாகவே தெரியவில்லை. 2022 தீபாவளிக்குப் பிறகு கணவர் வீட்டை விட்டுப் போனார். அப்போது மகள் மூன்றாம் வகுப்பு. ஒரு பம்பு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், கைக்கு வரும் சம்பளம் 27,500.

அவர் போன அதே சமயத்தில் வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ விகிதம். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த அதை ரிசர்வ் வங்கி படிப்படியாக உயர்த்தி 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் எடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன் எல்லாம் வெளி அளவுகோலோடு, அதாவது வங்கி தானே வைக்காத ஒரு விகிதத்தோடு, கட்டப்பட்டவை, பெரும்பாலும் ரெப்போவோடு. அது ஏறினால் நம் வட்டியும் ஏறும். என்னுடையது 9.4 ஆனது. இதில் கொடுமை என்னவென்றால், தவணைத் தொகை பல மாதம் மாறவே இல்லை, அதனால் வெளியே எதுவும் தெரியவில்லை. ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தபோதுதான் 19,233 கட்டியதில் 500 சொச்சம் மட்டும் அசலில் கழிந்திருப்பது தெரிந்தது. அப்படியே விட்டால் கடன் முடிய 38 ஆண்டு ஆகும். பிறகு வங்கியே விழித்துக்கொண்டு தவணையை 22,100 ஆக்கியது. 27,500 சம்பளத்தில் 22,100 தவணை. மீதி 5,400 ரூபாயில் அரிசி, பால், பஸ், பள்ளிக் கட்டணம்.

சேமிப்பு கரைந்தது, அம்மா கொடுத்ததும் கரைந்தது. ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் தவணை பவுன்ஸ் ஆனது. கடன் கொடுத்த வங்கி ஒரு கட்டணம் போடும், சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி இன்னொன்று போடும். பணம் இல்லாதவளிடம் பணம் இல்லாததற்காக இரண்டு இடத்தில் பிடித்தம்.

நாள் கணக்கைப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை தவறிய கணக்குக்கு, வாராக் கடன் ஆகும் முன் வங்கி போடும் எச்சரிக்கைக் குறிதான் எஸ்எம்ஏ. முதல் 30 நாள் எஸ்எம்ஏ-0, அடுத்த 30 நாள் எஸ்எம்ஏ-1, அதற்கடுத்த 30 நாள் எஸ்எம்ஏ-2. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அதன் பிறகு, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கும் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடும் வழி திறந்துவிடும். அந்த நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க உரிமை உண்டு, வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ஒருமுறை வாராக் கடன் ஆகிவிட்டால் ஒரு தவணை கட்டி வெளியே வர முடியாது, நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். நான் எஸ்எம்ஏ-2ல் நின்றேன்.

வசூல் ஆட்கள் பேசிய பேச்சை இங்கே எழுத மனமில்லை. காலை ஏழு மணிக்கு அழைப்பு, கம்பெனி ரிசப்ஷனுக்கு அழைப்பு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அழைப்பு வந்த நேரம், எண், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். நேரங்கெட்ட அழைப்புகள் நின்றன. தவணை கேட்டு அழைப்பது தொடர்ந்தது, அது அவர்கள் வேலை.

வழி காட்டியது கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இது தெரியாமல் எத்தனை பெண்கள் வட்டிக்கு வாங்கி வக்கீல் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எனக்குக் கிடைத்த வக்கீலம்மா முதல் நாளே கேட்டார்: "வங்கிக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கீங்க?" ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப அங்கிருந்து ஆரம்பிக்கலாம்."

2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை அவர்தான் காட்டினார். வட்டி மறுநிர்ணயம் ஆகும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்பதைக் கடன் வாங்கியவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வழி தர வேண்டும் என்று அப்போது இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து அது வங்கியின் விருப்பம். இடையில் ஒரு பகுதியோ முழுவதுமோ அடைக்கவும் விட வேண்டும். பழைய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31க்குள் இதை அமல்படுத்த வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. அதையே கடிதமாக எழுதினேன்.

கிளையில் இருந்த பையன், "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. எழுதிக் குடுங்க மேடம், மேல அனுப்பறேன்" என்றார். எழுதியே கொண்டுவந்திருக்கிறேன் என்று நீட்டினேன். அதற்கப்புறம்தான் மேனேஜர் அறைக்குள் உட்கார வைத்தார்கள்.

மேனேஜர் நல்ல மனுஷி. என் வயது 33, ஓய்வு 60 என்று கணக்குப் போட்டுக் காலத்தை 27 ஆண்டாக நீட்டலாம் என்றார். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். கடன் பாக்கி சுமார் 23.9 லட்சம். 9.4 சதவீதத்தில் 27 ஆண்டு என்றால் தவணை 20,350 அளவுக்கு வரும். மாதம் 1,750 ரூபாய்தான் குறைகிறது. அதற்காக மொத்தத்தில் 12 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் அந்த எண் என்னை அறைந்தது. காலத்தை நீட்டுவது மட்டும் மருந்தாகாது, வட்டி குறைய வேண்டும்.

அந்தச் சமயத்தில் அதே வங்கி புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு 8.6 கொடுத்துக்கொண்டிருந்தது. ரெப்போவுக்கு மேல் வங்கி போடும் விகிதத்தை ஸ்பிரெட் என்கிறார்கள். எனக்கு 2.9, புது ஆளுக்கு 2.1. ரெப்போவைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்க முடியாது, ஸ்பிரெட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சில ஆயிரம் ரூபாய் மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய வாடிக்கையாளருக்கும் குறைப்பார்கள். ஆனால் விளம்பரப் பலகையில் இதை எழுதி வைக்க மாட்டார்கள். இல்லையென்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது, அது வங்கிக்கும் தெரியும்.

நிலுவை இருக்கும்போது எதையும் மாற்ற முடியாது என்றார் மேனேஜர். கடனை மறுசீரமைப்பு என்று போட்டால் சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றில், அது பதிவாகும், நிலுவையை அடைத்துவிட்டு வட்டி மாற்றமாகச் செய்துகொள்ளுங்கள் என்றும் அவரே யோசனை சொன்னார். தாலிக்கொடியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தேன். நிலுவைத் தவணைகளும் பவுன்ஸ் கட்டணமும் அதில் தீர்ந்தன. 2024 பொங்கலுக்குப் பிறகு 8.6 சதவீதம், 27 ஆண்டு, தவணை 19,000 என்று புதிய அட்டவணை கைக்கு வந்தது. 22,100லிருந்து 3,100 குறைந்தது.

அதுவும் போதவில்லை. அம்மாதான் சொன்னார்: "அம்மிணி, ஊட்ட வாடகைக்கு உடு. ரெண்டு வருசம் பாப்பாவக் கூட்டிக்கிட்டு இங்க வந்து இரு. ஊடு நிக்கோணும்." கட்டிய வீட்டில் வேறொரு குடும்பம் பால் காய்ச்சுவதைப் பார்ப்பது எளிதாக இல்லை. மகள் தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துக்கொண்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனோம். வாடகை 10,500. வாடகைக்கு விட்டதையும் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்தேன். தவணையில் என் சம்பளத்திலிருந்து போவது 8,500 ஆனது. மூச்சு வந்தது.

இனி கணவர் விஷயம். கடனில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்தே ஆனாலும் வங்கிக்கு அது பொருட்டில்லை. முழுக் கடனையும் எங்கள் இருவரில் யாரிடமும் கேட்கலாம். பல பெண்கள் "அவர்தானே பிரைமரி, அவர் கட்டட்டும்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். வீடு போனால் இருவருக்கும் போகும், சிபிலும் இருவருக்கும் கெடும்.

வக்கீலம்மா குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச மனு போட்டார். 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேலை போய்விட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவரின் சம்பளம் அதில் வெளியே வந்தது. மகளுக்கு மாதம் 7,000 இடைக்காலமாகக் கிடைத்தது. மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். அந்த முன் பாக்கியில் தாலிக்கொடியை மீட்டேன்.

பிறகு அவரே பேச்சுவார்த்தைக்கு வந்தார். கார் வாங்கப் போன இடத்தில், அவர் பெயரில் ஏற்கெனவே இவ்வளவு பெரிய கடன் இருக்கிறது, தவணை தவறியும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கடனிலிருந்து பெயரை எடுத்தால் வீட்டில் தன் பங்கை எழுதித் தருகிறேன் என்றார். வங்கி, என் சம்பளம் மட்டும் போதாது, இன்னொருவர் சேர வேண்டும் என்றது. அண்ணன் சேர்ந்தார். அண்ணி ஒரு சொல் குறுக்கே சொல்லவில்லை, அந்த நன்றியை எங்கே எழுதித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

இதில் நேரம் முக்கியம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு, அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு, முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் கணவன் மனைவி என்ற உறவு முடிந்துவிடும், அந்தச் சலுகை கிடைப்பது சந்தேகம் என்று வக்கீலம்மா எச்சரித்தார். அதனால் தீர்ப்புக்கு முன்பே, வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகத் தடையின்மைச் சான்று வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததைக் காட்டும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்தையும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது, அதற்குத் தனிச் செலவு. முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

2025ல் ரெப்போ இறங்கியது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மொத்தம் 1 சதவீதம் குறைந்து 5.5 ஆனது. என் வட்டி 7.6க்கு வந்தது. தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று வங்கி இந்த முறை கேட்டது. தவணையைக் குறைத்திருந்தால் 17,400 சொச்சம் ஆகியிருக்கும். 19,000த்தையே கட்டினால் மீதமுள்ள 25 ஆண்டு 20 ஆண்டாகச் சுருங்கும். வாடகை வருகிறது, சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஜீவனாம்சம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இழுபறியாக வந்தாலும் வருகிறது. 19,000 என்றே எழுதிக் கொடுத்து சீல் வாங்கினேன்.

என் நிலைமையில் இருப்பவர்கள் கடிதத்தில் எழுத வேண்டியவை: கடன் எண், இப்போதைய வட்டியும் ஸ்பிரெட்டும் எவ்வளவு, புது வாடிக்கையாளருக்கு எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதியிலிருந்து. சம்பளச் சீட்டை இணையுங்கள். அழுகையை எழுத வேண்டாம், எண்களை எழுதுங்கள். தவணை தவறி 60 நாள் தாண்டும் முன் கொடுங்கள். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது ஆதார் நகலோடு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கே போய் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள்.