பழைய பேருந்தின் கதவுகளுக்குப் பூட்டுத் தேடிய அனுபவம்

எங்கள் அப்பா நாமக்கல் பக்கத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மப்சல் வண்டியாக நடத்திய அசோக் லேலண்டு பேருந்து ஒன்று, பெர்மிட்டை விற்ற பிறகும் பழைய இரும்புக்குப் போகாமல், தோட்டத்துக் களத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சென்ற ஆண்டு அதன் இருக்கைகளில் பாதியை எடுத்துவிட்டு அலமாரிகள் அமைத்து, ஊர்ப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கும் வாசகசாலையாக மாற்றினோம். மரவேலையும் பெயின்ட் வேலையும் மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டன. கதவுப் பூட்டுகளுக்கு மட்டும் நான்கு மாதம் ஆயிற்று.

வண்டியின் இடப்பக்கம் முன்னும் பின்னும் பயணிகள் ஏறும் கதவுகள் இரண்டு, வலப்பக்கம் ஓட்டுநர் கதவு, அதற்குப் பின்னால் அவசர வழிக் கதவு, பின்புறம் டிக்கி என ஐந்து இடங்களில் பூட்டு வேண்டியிருந்தது. முன்கதவின் பூட்டு நாக்கு தேய்ந்து, கதவைச் சாத்தினாலும் தானே திறந்துகொண்டது. பின்கதவில் பூட்டு இருந்தது, ஆனால் சாவி தொலைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டுநர் கதவின் வெளிக்கைப்பிடி உடைந்திருந்தது. அவசர வழிக் கதவை யாரோ கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். டிக்கியில் கொண்டி மட்டுமே மிச்சம்.

முதலில், வண்டியின் மாடலைச் சொன்னால் உதிரிபாகக் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கிளட்ச் தட்டும் பிரேக் லைனிங்கும் கேட்டால் பாக எண்ணைப் பார்த்து எடுத்துத் தருகிறவர்கள், கதவுப் பூட்டு என்றதும் கையை விரித்தார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வந்தது என்ஜினும் சக்கரங்களும் பொருத்திய சேசிஸ் மட்டுமே. அதன் மேல் கூடு கட்டியது கரூரில் உள்ள ஒரு பட்டறை. கதவு, சன்னல், இருக்கை, பூட்டு ஆகிய அனைத்தும் பட்டறைக்காரர் அன்றைக்குச் சந்தையில் கிடைத்ததை வாங்கிப் பொருத்தியவை என்பதால், அவை எந்தக் கம்பெனியின் பாகப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. எங்கள் வண்டியின் கதவுகளிலேயே மூன்று வகைப் பூட்டுகள் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

ஆகவே கரூருக்குப் போனேன். வண்டியைக் கட்டிய பட்டறை மூடப்பட்டிருந்தாலும், பக்கத்துப் பட்டறையில் பல ஆண்டுகளாகக் கதவு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கிடைத்தார். செல்போனில் எடுத்துப் போயிருந்த படங்களை நீட்டியபோது அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. “தம்பி, படம் வேண்டாமுங்க. பூட்டையே கழட்டிக் கொண்டாங்க. படத்துல ஓட்டை எத்தன மில்லின்னு தெரியாதுங்க” என்றார். பூட்டு தேடப் புறப்படும் எவருக்கும் நானும் முதலில் இதையே சொல்வேன்.

கழற்றுவது எளிதாக இல்லை. திருகுகளின் தலைகள் துருவேறி மழுங்கியிருந்ததால், இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து, அப்படியும் அசையாத நான்கை டிரில் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. பூட்டு வெளியே வந்ததும் அது விட்டுச்சென்ற இடத்தையும் அளந்தேன், ஏனெனில் புதிய பூட்டு பொருந்த வேண்டியது அந்த இடத்தில்தான். திருகுத் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம், கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடித் தண்டின் மையம் வரையுள்ள தூரம், கதவின் கனம், வெளிக்கைப்பிடியையும் உட்பெட்டியையும் இணைக்கும் சதுரத் தண்டின் அளவு ஆகியவற்றை ஒரு அட்டையில் வரைந்து குறித்துக்கொண்டேன். எங்கள் வண்டியில் அந்தத் தண்டு 8 மில்லிமீட்டர். நாக்கின் சாய்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதினேன். இடக்கதவுக்கு உரிய பூட்டை வலக்கதவில் வைத்தால், சாய்வு எதிர்ப்பக்கம் பார்க்கும், கதவை அறைந்து சாத்தினாலும் நாக்கு உள்ளே போகாமல் முட்டி நிற்கும். சில பூட்டுகளில் நாக்கை வெளியே இழுத்துத் திருப்பிப் போட முடியும், பலவற்றில் முடியாது.

இந்த அட்டையையும் பழைய பூட்டுகளையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுவதும் அலைந்தேன். உடைத்த வண்டிகளின் பாகங்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில், பொறுமையும் அளவுகோலும் இருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது என்பது என் அனுபவம். முன்கதவுக்கு அச்சு அசலான பூட்டு ஒன்றும், ஓட்டுநர் கதவுக்கு வெளிக்கைப்பிடி ஒன்றும் கிடைத்தன. ஏமாந்ததும் அன்றுதான். வேறொரு கடையில் அதே வடிவத்தில் பளபளப்பான புதிய பூட்டு ஒன்று கிடைத்தது. விலையும் குறைவாக இருந்ததால் பின்கதவுக்கு இருக்கட்டும் என்று வாங்கினேன். ஒரு மாதத்திற்குள் அதன் நாக்கு இரண்டாக முறிந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தபோது, உள்ளே சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருந்தது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே முலாம் பூசியிருக்கிறார்கள். பழைய நாக்கு கனத்த பித்தளை. அதன் பிறகு எந்தப் பூட்டையும் கையில் வைத்து எடை பார்க்காமலும், நாக்கில் அரத்தால் ஓரிழு இழுத்து உள்நிறம் பார்க்கக் கடைக்காரரின் அனுமதி பெறாமலும் நான் வாங்குவதில்லை.

அந்தப் பூட்டு உடைந்ததும் ஒரு நன்மையாக முடிந்தது. சாவி தொலைந்தது என்பதற்காக ஒதுக்கிவைத்த பழைய பூட்டையே சரிசெய்யலாமே என்று, நாமக்கல்லில் சாவி செய்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சாவி நுழைந்து திரும்பும் உருளையான சிலிண்டரைத் தனியே எடுத்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் தட்டினார். நகத்தின் பாதி அளவு கூட இல்லாத ஐந்து பித்தளைத் தகடுகளும், முடிபோன்ற ஐந்து ஸ்பிரிங்குகளும் விழுந்தன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சன்னல், சன்னலின் உயரம் மட்டும் தகட்டுக்குத் தகடு வேறுபட்டது. சரியான சாவி நுழையும்போது தகடுகள் ஐந்தும் உள்ளிழுத்து உருளையின் மேற்பரப்போடு சமமாகின்றன, அப்போதுதான் உருளை திரும்புகிறது. ஒரு தகடு மயிரிழை துருத்திக்கொண்டிருந்தாலும் திரும்பாது. அவர் தகடுகளை வரிசை மாறாமல் மீண்டும் கோத்து, வெட்டாத சாவியை நுழைத்து, துருத்தும் இடம் பார்த்து அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முக்கால் மணி நேரத்தில் பூட்டு திறந்தது. முன்கதவின் சிலிண்டரையும் கொடுத்து, அதன் தகடுகளை இதே வரிசைக்கு மாற்றச் சொன்னேன். இப்போது இரண்டு கதவுகளுக்கும் ஒரே சாவி. பூட்டுக்குள் எண்ணெய் விட வேண்டாம், புழுதியைப் பிடித்து இறுகிவிடும், கிராஃபைட் தூள் போடுங்கள் என்றும் அவர் சொல்லி அனுப்பினார்.

அவசர வழிக் கதவுக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். புத்தகங்கள் திருடு போகக் கூடாது என்பதற்காக வெளியே கொண்டி அடித்துப் பூட்டுத் தொங்கவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். பேருந்தின் அவசர வழி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஓடுகிற வண்டிகளுக்கான விதி. எங்கள் வண்டி ஓடுவதில்லை என்றாலும், அதற்குள் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மரமும் காகிதமும் நிறைந்த ஒரு தகரக் கூட்டுக்குள் பிள்ளைகளை வைத்து ஒரு வழியை அடைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. சாவி வெளிக்கைப்பிடியை மட்டும் செயலிழக்கச் செய்து, உட்புறக் கைப்பிடி எப்போதும் வேலை செய்யும் வகைப் பூட்டையே தேடினேன். கரூர்ப் பெரியவர்தான் பழைய பூட்டுப் பெட்டி ஒன்றின் உள்நெம்பை மாற்றியமைத்து அதைச் செய்து கொடுத்தார். உட்கைப்பிடியைப் பிள்ளைகளின் தோள் உயரத்துக்கு இறக்கி, சிவப்புப் பெயின்ட் அடித்தோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையால் ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே முறுக்குக் கம்பியை அறுத்தெறிந்தேன்.

டிக்கிக்குத் தொங்குபூட்டே போதும் என்பதால் திண்டுக்கல் போனபோது ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கிவந்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பூட்டுகளில், கையால் அராவிப் பொருத்திய நெம்புகளின் ஓசையை, சாவியைத் திருப்பும்போது விரலிலேயே உணர முடிகிறது.

அளவுகள் எழுதிய அட்டையை நெகிழித் தாளில் ஒட்டி, புதுப்பேட்டையில் கூடுதலாக வாங்கிய ஒரு பித்தளை நாக்கோடு சேர்த்து, ஓட்டுநர் இருக்கையின் அடியில் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முன்கதவின் நாக்கு விழும் ஏற்புத் தகடு மட்டும் வெயில் காலத்தில் சற்றே இறங்கிவிடுகிறது, அதற்கு அடியில் கொடுக்க ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தகரத் துண்டு ஒன்றை வெட்டக் கொடுத்திருக்கிறேன்.