பிரிக்காத சாப்பாட்டுப் பை

காலைல பஸ்ல தொங்கிட்டே பிரிட்டிஷ் அரசியல்வாதி ஆல்ஃப் டப்ஸோட பழைய பேட்டி ஒண்ணு பாத்தேன்.

1939, செக் நாட்டு ப்ராக் ஸ்டேஷன். இவருக்கு ஆறு வயசு. அம்மா கட்டிக்குடுத்த சாப்பாட்டுப் பைய லண்டன் வந்து சேர்ற வரைக்கும் தொடவே இல்லையாம்.

ஆறு வயசுப் புள்ள பசிய மறக்கணும்னா உள்ள என்ன ஓடிருக்கும்!

நாஜிகள்கிட்டருந்து குழந்தைங்கள காப்பாத்த நிக்கலஸ் வின்டன்ங்கற பிரிட்டிஷ்காரர் ஏற்பாடு பண்ண ரயில் அது, மொத்தம் 669 புள்ளைங்க அப்படித் தப்பிச்சாங்க. ஹாலந்து எல்லை தாண்டுனதும் நாஜிகள்கிட்டருந்து தப்பிச்சிட்டோம்னு பெரிய பசங்க ஹோன்னு கத்துனாங்களாம், இவருக்கு ஏன்னே புரியல.

அந்தப் பையன்தான் பின்னாடி லேபர் எம்பி, அப்புறம் பிரபுக்கள் சபை. 2016ல, ஐரோப்பாவுல தனியா மாட்டிக்கிட்ட 3000 அகதிக் குழந்தைங்கள பிரிட்டன் எடுத்துக்கணும்னு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். கீழ்சபையான காமன்ஸ்ல 294க்கு 276ன்னு தோத்துச்சு. மனுசன் விடல, எண்ணிக்கைய எடுத்துட்டு திரும்பக் கொண்டுவந்தார், பாஸ் ஆயிருச்சு.

ஆனா எண்ணிக்கை இல்லாததுதான் வினையாப் போச்சு. 2017ல 350 பேரோட முடிச்சுக்கறோம்னு அரசாங்கம் சொல்லிருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு வட்டாரத்து உள்ளாட்சி கவுன்சிலுங்க தர்றோம்னு சொன்ன 130 இடத்த கணக்குல சேக்க விட்டுப்போச்சுன்னு சொல்லி 480 ஆக்குனாங்க.

130 குழந்தைங்கப்பா. ஆபீஸ் ஃபைல்ல விட்டுப்போயிருச்சாம்.

90 தாண்டியும் மனுசன் சபைல எந்திரிச்சு இதையேதான் கேட்டுட்டு இருக்கார்.