காலி சாக்கெட்டுல இன்னொரு பென்டியம் 3 போடலாமா

19 ஜூலை 2003, சனி

ஆடி பொறந்தாச்சு. முகூர்த்தம் இல்லன்னாலும் ஆவணி கல்யாணத்துக்கான பத்திரிகை வேலை எல்லாம் இனிமேதான் வந்து குவியும், அதுக்குள்ள இந்த கம்ப்யூட்டருக்கு ஒரு வழி பண்ணியாகணும். ஃபோட்டோஷாப்புல பெரிய படம் ஒண்ணுக்கு ப்ளர் (மங்கலாக்கறது) போட்டா போச்சு, அது முடியிற வரைக்கும் பத்திரிகை அடிக்கற பேஜ்மேக்கர் பக்கமே போக முடியல, மவுஸ் கூட இழுத்து இழுத்துதான் நகருது. இருக்கறது பென்டியம் 3 பிராசஸர், 800 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ராம், விண்டோஸ் 98. ஏதோ ஒரு ஆபீஸ் மூடினப்ப வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்த மெஷின், போர்டுல பிராசஸர் சொருகற சாக்கெட் ரெண்டு இருக்கு, ஒண்ணு காலி. அத இத்தனை நாளா யாரும் கண்டுக்கல.

அவருக்கு புது பென்டியம் 4 வாங்கணும்னு ஆசை. கொட்டேஷன் பாத்தேன். பிராசஸர் மட்டும் இல்ல, போர்டு, டிடிஆர் ராம், எஸ்எம்பிஎஸ் (கரெண்ட் குடுக்கற டப்பா) எல்லாமே மாத்தணும், 17,000 தாண்டுது. தம்பி போன்ல "அக்கா, காலியா இருக்கறதுல இன்னொரு பி3 போடு, 2,000 ரூபாய்ல முடிஞ்சிரும்"ங்கிறான். அவன் பேச்ச கேட்டு எத்தன தடவ வீட்ல திட்டு வாங்கியிருக்கேன்னு அவனுக்கே தெரியும்.

22 ஜூலை, செவ்வாய்

2,000 ரூபாய்ல முடியற கதை இல்ல இது. விண்டோஸ் 98ல ரெண்டு பிராசஸர் போட்டாலும் அது ஒண்ணத்தான் பாக்கும், இன்னொண்ணு சும்மா சூடாயிட்டு உக்காந்திருக்கும். ரெண்டையும் ஓட்டணும்னா விண்டோஸ் என்டி 4, இல்ல விண்டோஸ் 2000, இல்ல எக்ஸ்பி ப்ரொஃபஷனல் வேணும். விலை கம்மின்னு எக்ஸ்பி ஹோம் வாங்கினா மறுபடியும் ஒண்ணுதான். ரெட் ஹேட் லினக்ஸ்ல ரெண்டு பிராசஸருக்குன்னே எஸ்எம்பி கெர்னல்னு தனியாவே வருது, ஓசிதான், ஆனா அதுல பேஜ்மேக்கருக்கு நான் எங்க போறது.

சரி, விண்டோஸ் 2000 போடலாம்னா ஸ்கேனருக்கு டிரைவர் (அத ஓட வைக்கற ப்ரோக்ராம்) வேணும் (சிடிய தேடி பாத்தேன், இருக்கு, நிம்மதி). அடுத்து தமிழ் சாஃப்ட்வேர் டாங்கிள், அது இல்லாம சாஃப்ட்வேர் ஓடாது. பிரிண்டர் போர்ட்ல சொருகியிருக்கே அந்த குட்டி டப்பா, 98ல அது பாட்டுக்கு ஓடுது, 2000ல தனி டிரைவர் இல்லாம போர்ட்ட தொடவே முடியாதாம். வித்தவங்களுக்கு போன் போட்டா "பாத்து சொல்றோம் மேடம்"னாங்க. எத்தன மெகாஹெர்ட்ஸ்னு எல்லாரும் பேசறாங்க, இந்த டப்பாவப் பத்தி ஒருத்தரும் வாய தொறக்கல.

26 ஜூலை, சனி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், கம்ப்யூட்டர் சாமான் விக்கற தெரு. வெயில், கூட்டம், தெரு பூரா சேறு. தம்பியும் வந்தான்.

மொதல் கடையில செலரான் 800, இன்டெலோட விலை கம்மி சிப்பு, எடுத்து நீட்டினாங்க, "இதுவும் அதே சாக்கெட்தான் மேடம், பாதி விலை". தம்பி வேணாம்னுட்டான், இந்த தலைமுறை செலரான் ரெண்டா சேந்து ஓடாது. பழைய 300ஏ, 366ன்னு வந்த செலரான்ல அந்த வித்தை நடந்துச்சு, 1999ல ஏபிட் பிபி6 போர்டுல ரெண்டு செலரான் போட்டு ஓட்டின கதைய பஸ்ல வர்றப்ப பூரா சொல்லிட்டு வந்தான்.

அடுத்த கடையில பி3 800 இருந்துச்சு, ஆனா பஸ் (பிராசஸருக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை) 100 மெகாஹெர்ட்ஸ். என்னோடது 133. ரெண்டும் ஒரே ஸ்பீடு, ஒரே பஸ், ஒரே வோல்டேஜ் இருக்கணும். சிப்பு மேலயே 800/256/133/1.65ன்னு அடிச்சிருக்கும், நான் வீட்ல இருக்கறத பாத்து எழுதிட்டு போனது எவ்ளோ நல்லதா போச்சு. கடைசியா ஒரு சந்துக்குள்ள மாடிக்கடை அண்ணன்கிட்ட கெடச்சுது, ஃபேனோட சேத்து 1,900, பேசி 1,750.

27 ஜூலை, ஞாயிறு

மொதல்ல பிராசஸர மாட்டிட்டு அப்புறம் 2000 போட்டோம், அப்பதான் செட்டப்பே ரெண்டு இருக்குன்னு கண்டுபுடிச்சு அதுக்கேத்த மாதிரி போடும். ஒத்த பிராசஸர்ல போட்டுட்டு அப்புறம் சொருகினா டிவைஸ் மேனேஜர்ல போய் கம்ப்யூட்டர் டைப்ப மல்டிபிராசஸர்னு மாத்தணும், அது சில மெஷின்ல பூட்டே ஆகாம மொறைக்குமாம். 98 சி டிரைவ்லயே இருக்கட்டும்னு 2000க்கு ஹார்ட் டிஸ்க்ல தனி பார்ட்டிஷன். டிஸ்க் ஃபார்மட் எல்லாமே ஃபேட்32, என்டிஎஃப்எஸ் போட்டா 98ல இருந்து ஃபைலே தெரியாது.

டாஸ்க் மேனேஜர்ல பிராசஸருக்கு ஒண்ணா ரெண்டு கிராஃப்! அவர் கூட எட்டிப் பாத்துட்டு போனாரு.

30 ஜூலை, புதன்

மூணு நாளா ஓட்டி பாத்ததுல பேஜ்மேக்கர் துளி கூட வேகமாகல. ஒரு கிராஃப்தான் ஏறுது, மொத்தம் 50 சதவீதத்த தாண்டவே மாட்டேங்குது. ஃபோட்டோஷாப்புல ப்ளர், அன்ஷார்ப் மாஸ்க் (படத்த கூர்மையாக்கறது) எல்லாத்துக்கும் ஆகற நேரம் நல்லா கொறைஞ்சிருக்கு, ஆனா பாதியா இல்ல. ஏன்னு தம்பிய கேட்டா ஆம்டால்னு ஒருத்தர் 1967லயே சொன்ன கணக்கு ஒண்ண சொல்றான். ஒரு வேலையில பாதியத்தான் பங்கு போட முடியும்னா ரெண்டு பிராசஸர் வச்சாலும் 1.33 மடங்குதான் வேகம், முக்கால்வாசிக்கு மேல, 80 சதவீதம் பிரிக்க முடிஞ்சா கூட 1.67தான். இதுல ராமுக்கு போற வழி வேற ஒண்ணே ஒண்ணு. எங்க தெரு அடிபம்புல ரெண்டு பேர் கொடத்த வச்சிட்டு நிக்கற மாதிரிதான், ஆள் கூடினா தண்ணி கூடுமா.

எங்க கல்யாண கேசட்ட விசிடி ஆக்க டிஎம்பெக்னு வீடியோ மாத்தற சாஃப்ட்வேர் போட்டேன். ஒரு மணி நேர வீடியோவுக்கு முன்னாடி ரெண்டரை மணி நேரம் ஆகும், இப்ப ஒண்ணே முக்கால் கிட்ட. புது பென்டியம் 4 இத இன்னும் சீக்கிரம் முடிச்சிருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு வேண்டியது அது இல்லையே, பின்னாடி என்ன ஓடினாலும் முன்னாடி நான் டைப் அடிக்கறது திக்காம இருக்கணும், அது இப்ப இருக்கு. ப்ளர் ஓடிட்டே இருக்கும்போது இங்கிலீஷ் பத்திரிகைல மாப்பிள்ளை வீட்டு பேரெல்லாம் திருத்திட்டேன், மவுஸ் நிக்கவே இல்ல. கரெண்ட் பில்லுக்கும் பரவால்ல, ஒரு பி3 800 சுமார் 21 வாட், ரெண்டும் சேந்தாலும் பென்டியம் 4 2.4 ஒண்ணு இழுக்கற 60 வாட் வராது. யூபிஎஸ் மாத்த வேண்டியதில்ல.

6 ஆகஸ்ட், புதன்

டாங்கிளுக்கு டிரைவர் வந்துச்சு, ஃப்ளாப்பில. 300 ரூபாய் வாங்கிட்டாங்க. ஒரு ஃபான்ட் மட்டும் 2000ல ஒழுங்கா வரல, 'ணை'யும் 'லை'யும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, அந்த ஃபான்ட்ல கேக்கற கஸ்டமர் வந்தா 98க்கு பூட் பண்ணிதான் அடிக்கணும், அங்க போனா ரெண்டாவது பிராசஸருக்கு லீவு. இன்னைக்கு மட்டும் நாலு பத்திரிகை வந்திருக்கு, அதுல மூணு வேற ஃபான்ட். மீதி ஒண்ண ராத்திரி 98ல அடிக்கணும்.