கையைப் போடுங்கோ, முகம் வேண்டாம்

"முகம் வேண்டாம் தம்பி. கையைப் போடுங்கோ."

எங்கள் போத்தல் கள்ளு லேபிளில், பனை ஏறிக் கள்ளு இறக்கும் சீவல் தொழிலாளியின் படமும் பெயரும் போடலாம் என்ற யோசனை என்னுடையது. கனடாவில் எங்கள் சரக்கை எடுக்கிறவர், எந்த ஊர்ப் பனை, யார் சீவினது என்று கேட்டபடியே இருந்தார். அது நியாயமான கேள்விதான். சாராயப் போத்தலில் கம்பனியின் பெயர் இருக்கும், கலால் முத்திரை இருக்கும். மரத்தில் ஏறியவரின் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. அதை மாற்றலாம் என்று மனதார நினைத்துத்தான் எங்களுக்குக் கள்ளு இறக்கித் தருகிறவரிடம் போனேன்.

பனங்கள்ளின் ருசியில் பாதி சீவுகிறவரின் கைதான். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் மெல்லிசாக ஒரு சீவல். தடிப்பாகச் சீவினால் பாளை கெதியில் முடிந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்து நீர் நின்றுவிடும். பாளையில் கட்டுகிற மண்முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது புளிக்காத, இனிப்பான கருப்பநீர். பூசாவிட்டால் முட்டியில் ஊறிக் கிடக்கிற மதுவம் (ஈஸ்ட்) மரத்திலேயே வேலையைத் தொடங்கி, இறக்கும்போதே நுரை தள்ளும். ஒரு நாள் கழிந்தால் புளிப்பு ஏறும், அதற்கப்புறமும் விட்டால் வினாகிரிதான். நாங்கள் செய்வதெல்லாம் வடித்து, போத்தலில் அடைத்து, சூடாக்கி அந்தப் புளிப்பை நிறுத்துவது மட்டும். ஆகவே பெயர் போடுவதென்றால் அது அவருடைய பெயராகத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

அவர் கான்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கை ஓயாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மகள் கம்பஸில் படிக்கிறாள் என்றார். "இதில என்ன ஐயா வெட்கம்? எங்கடை மண்ணின்ரை தொழில்தானே" என்றேன்.

"எனக்கு வெட்கமில்லைத் தம்பி. நான் ஏறித்தான் அவளைப் படிப்பிக்கிறன். மற்றவை என்ன செய்வினம் எண்டுதான் எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகுதான் கையைப் போடச் சொன்னார். நான் சரி என்றேன்.

அந்தச் சரியைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவருடைய முகம், அவருடைய மகள், அவருடைய முடிவு. அதை மதிக்காமல் வேறு என்ன செய்வது? யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. தேநீர்க் கடையில் வேறு குவளை கொடுப்பதையும் கோயில் வாசலில் மறிப்பதையும் சட்டம் 1957 இலேயே குற்றமாக்கியது. ஆனாலும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் உள்ளே போவதற்காக ஆட்கள் வாசலில் இருந்து போராட வேண்டியிருந்தது. இன்றைக்கு எவரும் வெளிப்படையாக மறிப்பதில்லை. கலியாணம் பேசும்போது ஊர் கேட்பார்கள், ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், பிறகு பேச்சு தானாக நின்றுவிடும். லேபிளில் ஒரு முகம் இருந்தால் அந்தக் கேள்விகூடத் தேவைப்படாது. என் வீட்டில் யாரும் பனை ஏறியதில்லை. பெருமையான தொழில் என்று நான் சொல்வதால் எனக்கு ஒரு சதமும் நட்டமில்லை. நட்டம் வந்தால் அது அந்தப் பிள்ளைக்குத்தான்.

இப்படி யோசிக்கும்போது நான் செய்தது சரியென்றே படுகிறது. ஆனால் அவருடைய பெயர் ஒன்றும் ஒளிந்து கிடந்த பெயரில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் குடிவகை விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். ஏலம் எடுத்தவன் பணக்காரன் ஆனான், சீவியவனுக்குக் கூலிதான். கள்ளு விற்கும் தவறணைகள் அந்தக் கையிலிருந்து தொழிலாளிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது 1972 இல்தான். அந்தச் சங்கப் பதிவேட்டில் அவருடைய தகப்பனின் பெயர் இருக்கிறது, அவருடையதும் இருக்கிறது. எத்தனை போத்தல் அளந்தார், எவ்வளவு காசு, மிஞ்சியதில் எவ்வளவு சாராயம் வடிக்கத் திக்கம் வடிசாலைக்குப் போனது, எல்லாம் பெயரோடுதான். அங்கே அது உரிமைக்கான பெயர். நான் கேட்ட இடத்தில் அது விற்பனைக்கான பெயர். இந்த வித்தியாசத்தை அவர் கான் கழுவுகிற நேரத்துக்குள் கண்டுகொண்டார்.

படம் எடுத்தோம். உள்ளங்கையில் பாளைக்கத்திப் பிடி அழுத்திய தடிப்பு, முழங்கையின் உள்பக்கம் மரம் உரசி உரசிக் கறுத்த தோல், நக ஓரத்தில் காய்ந்த சுண்ணாம்பு. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. முகத்தைவிட இதுதான் எடுப்பாக இருக்கிறது என்றார்கள். கனடாக்காரரும் அதையே சொன்னார். அங்கே ஒருவர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, பனையோலைப் பிளாவில் குடித்த நாட்களை நினைத்து அழுதுவிட்டாராம். அவருடைய அழுகை உண்மையாகத்தான் இருக்கும். ஊரை விட்டுப் போனவர்களுக்குக் கள்ளின் மணம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர் இந்தக் கைக்காரருடைய வீட்டில் சம்பந்தம் பேசுவாரா? அவரை எனக்குத் தெரியாது, ஒருவேளை பேசுவார்.

முகத்தைக் கொடுக்கப் பயந்தவரின் கை நல்ல விலைக்குப் போகிறது. அவர் சொன்னபடியே செய்தோம், அதில் லாபமும் எங்களுக்கு வந்தது. லேபிளுக்கென்று ஒரு தொகை கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். அது போதுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எல்லோரும் ஒளித்தால் இது எப்போது மாறும் என்று கூட வேலை செய்கிற ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் மாற்றுவதற்கு முதல் ஆளாக அந்தப் பிள்ளையை நிறுத்த எனக்கு என்ன உரிமை? போத்தலில் பெயர் வர வேண்டும் என்றே இன்னமும் நினைக்கிறேன். அது அவர் பெயராக இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

புதிய பருவத்துக்கு லேபிள் அடிக்க வேண்டும். கனடாக்காரர் இம்முறை முகம்தான் வேண்டும் என்கிறார். மகள் படித்து முடித்துவிட்டாள், அவளிடமே கேட்டால் என்ன என்று அலுவலகத்தில் பேச்சு. எனக்குக் கேட்க விருப்பமில்லை. நான் கேட்காவிட்டால் வேறொருவர் போய்க் கடன்பட்டிருக்கிற வேறொரு தொழிலாளியிடம் கேட்பார், அவர் சம்மதிப்பார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.