கோர் தெ கார்த் மலையில் தைப்பூசக் காவடி

தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை 2021-இல்தான் வந்தது. மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மொரீசியஸில் அது அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே நாடு முழுவதற்கும் விடுமுறை நாள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்னத் தீவு நாடு அது. பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர்தான். அங்கே காலண்டரிலேயே 'தைப்பூசம் காவடி' என்று போட்டிருக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகிய எனக்கு, அந்தத் தீவின் காவடியைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. இந்தத் தை மாதம் முருகன் கூட்டிக்கொண்டு போனான்.

தங்கியது காத்ர் போர்ன் என்னும் ஊரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மாடியில். அந்த வீட்டுப் பெரியம்மாவைத் தெருவில் எல்லாரும் 'தாந்தின்' என்று கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் அத்தை முறை. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குப் பேச்சுத் தமிழ் வராது. வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல். ஆனால் காலையில் பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு முருகன் பாட்டைத் தமிழில்தான் பாடுவார். பாட்டு நோட்டில் தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் எழுதியிருந்தன. அவர் அம்மா எழுதி வைத்ததாம். 'ழ'வும் 'ள'வும் அந்த எழுத்தில் ஒன்றுதான். ஆனால் ராகம் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

கோயிலில் கொடியேறியதும் பத்து நாள் விரதம் தொடங்கிவிடுகிறது. காவடி எடுப்பவர் ஒருவர்தான் என்றாலும், அந்த வீட்டில் எல்லாருமே சைவத்துக்கு மாறிவிடுகிறார்கள். மது கிடையாது. காவடிக்காரர் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார். மாலையில் கோயிலுக்குப் போய் அபிஷேகம், பஜனை என்று இருந்துவிட்டு வருகிறார்கள். கடலும் மீனும் அன்றாடம் என்று வாழ்கிற ஊரில், தெருவில் பாதி வீடுகள் பத்து நாள் மீனைத் தொடாமல் இருக்கின்றன. பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு, எப்போது விரதம் முடியும் என்று நாள் எண்ணுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் காவடி எடுத்தது தாந்தினின் பேரன். அவனுடைய அப்பாவுக்கு உடம்பு தேறினால் எடுப்பதாக வேண்டிக்கொண்டதாம். முதல் நாள் சாயங்காலம் வீட்டு முற்றத்தில் காவடி கட்டுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். மரச்சட்டத்தின் மேல் மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுகிறார்கள். அதன் மேல் தென்னங்குருத்தைப் பின்னி, நடுவில் முருகன் படத்தை வைத்து, மயிற்பீலியும் பூவுமாக நிரப்பிவிடுகிறார்கள். பூ பறிக்க அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பிள்ளைகள் ஓடினார்கள். எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தின் தோட்டத்திலிருந்து ஒரு கூடை செம்பருத்தி வந்தது. காவடியின் இரண்டு முனையிலும் பால் நிறைத்த பித்தளைச் செம்பு தொங்குகிறது. வாயை வாழையிலையால் மூடி, மஞ்சள் நூலால் பல சுற்றுச் சுற்றி, முடிச்சைத் தாந்தினே போட்டார். முடிச்சு போடும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

தைப்பூசத்தன்று விடியுமுன்பே ஆற்றங்கரை. ஜனவரி, பிப்ரவரி அங்கே கோடை. புயல் வருகிற காலமும் அதுதான். முதல் நாள் இரவு மழை கொட்டித் தீர்த்திருந்ததால் கரையெல்லாம் சேறு. பழனியில் பச்சையும் காவியும் பார்த்த கண்ணுக்கு இங்கே எங்கு திரும்பினாலும் அடர்ந்த இளஞ்சிவப்பு. ஆண், பெண், குழந்தை எல்லாருமே அந்த நிறத்தில்தான். குளித்து ஈரத்துணியோடு நின்றவர்களுக்குக் குருக்கள் திருநீறு பூசினார். அப்புறம் அலகு குத்தல். நாக்கில் ஒரு சின்ன வேல், கன்னத்தில் ஒரு நீண்ட வேல். முதுகிலும் மார்பிலும் வரிசையாக ஊசிகள். சிலர் முதுகில் கொக்கி மாட்டிச் சின்னத் தேரையே இழுக்கிறார்கள். ஆணிச் செருப்பு போட்டு நடந்தவர் ஒருவரையும் பார்த்தேன். பேரனுக்கு நாக்கில் வேல் ஏறும்போது அவன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு 'வேல் வேல்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குத்தி முடிந்ததும் அவன் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

மேளமும் அரோகராவுமாக ஊர்வலம் கிளம்பியது. பெண்கள் தலையில் பால்குடம். வீட்டு வாசல்களில் தண்ணீர்க் குடத்தோடு காத்திருந்தவர்கள் காவடிக்காரர்களின் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அங்கே கத்தோலிக்கர்களும் வேண்டிக்கொண்டு காவடி எடுப்பதுண்டு. வெயில் ஏற ஏறத் தார்ச்சாலை கொதித்தது. சாலை ஓரத்து நிழலில் நடக்கலாம்தான். ஆனால் காவடிக்காரர் யாரும் நிழலைத் தேடவில்லை.

கோயில் கோர் தெ கார்த் மலையின் சரிவில் இருக்கிறது. ஊரார் அதை மலைக்கோவில் என்ற பொருளில் 'கோவில் மொந்தாஞ்' என்கிறார்கள். மலை 720 மீட்டர். கோயில் உச்சியில் இல்லை, சரிவில்தான். ஆனாலும் படிகள் செங்குத்து. அதுவரை ஆடிக்கொண்டு வந்த காவடிகள் படிக்கட்டில் ஒவ்வொரு அடியாக ஏறின. பேரன் பாதியில் நின்றுவிட்டான். கால் நடுங்கியது. யாரும் காவடியை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை, அது முறையில்லை. பின்னால் வந்த ஒரு பெரியவர் அவன் முதுகில் கைவைத்துக் காதருகே 'அரோகரா' என்றார். மறுபடி ஏறினான்.

சந்நிதியில் செம்பைத் திறக்கும் நேரம்தான் அன்றைய நாளின் உயிர். அத்தனை வெயிலில், அத்தனை தூரம் ஆடிக் குலுங்கி வந்த பால் திரியாமல் இருந்தால் வேண்டுதலை முருகன் ஏற்றுக்கொண்டான் என்பது அங்குள்ளவர்களின் திடமான நம்பிக்கை. நூலை அறுத்து இலையை எடுத்ததும் குடும்பமே எட்டிப் பார்த்தது. பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. குருக்கள் வாங்கி வேலவன் மேல் அபிஷேகம் செய்தார். அந்தப் பால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வேறு எந்த வேண்டுதலும் நினைவுக்கு வரவில்லை.

தட்டில் போட மொரீசியஸின் நூறு ரூபாய்த் தாளை எடுத்தேன். அதில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் அரசியல்வாதியின் படம். ரூபாய் மதிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கிறது. 1998-இல் புதுத் தாள்களில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள்; அரசு அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றது. மொழியைப் பேச முடியாமல் போனவர்கள் அதற்குரிய இடத்தை இவ்வளவு உறுதியாகக் காத்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறை பள்ளியில் தமிழ் படிக்கிறது. அந்தப் பிள்ளைகள் பாட்டியின் நோட்டைத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதித் தரும் நாள் வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

இவர்கள் இங்கே வந்த கதை நீளமானது. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே, இன்றைய தலைநகரான போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் லட்சக்கணக்கானோர். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களில் கப்பல் ஏறியவர்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கப்பலிலிருந்து வந்தவர்கள் ஏறிய பதினாறு கல்படிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. காவடிக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். மலைப்படியும் இந்தப் படியும் சேர்ந்தே மனதில் நிற்கின்றன.

காவடியன்று கோயிலில் அன்னதானம். வாழையிலையில் சோறு, அதைச் சுற்றி ஏழு வகைக் கறி. அதற்கு 'செத் காரி' என்று பெயர். தீவு முழுக்கப் பிரபலம். பூசணி, கத்தரி, பலா, வாழைக்காய், அப்பளம், பாயசம் என்று வரிசை. ரசத்தை 'ரசோன்' என்கிறார்கள். நம் வீட்டு ரசத்தைவிடப் புளிப்பு கொஞ்சம் தூக்கல், மணம் அப்படியே. பந்தியில் எனக்கு வலப்புறம் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் கிறித்தவக் குடும்பம், இடப்புறம் பேரன். வேல் எடுத்த நாக்கோடு அவன் பாயசத்தை மட்டும் மெதுவாகக் குடித்தான். தாந்தின் பரிமாறிக்கொண்டே வந்து என் இலையில் இன்னொரு கரண்டி பூசணிக்கறி வைத்துவிட்டுப் போனார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் விசாவை முன்கூட்டியே வாங்க வேண்டியதில்லை. நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். காவடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கொடியேற்றத்தன்றே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாலை பஜனைகளில்தான் அந்த ஊர்ப் பக்தி முழுதாகத் தெரியும். படம் எடுக்குமுன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மழைக்கு ஒரு குடையும் மாற்றுத்துணியும் அவசியம். தமிழ் எழுத்தில் அச்சிட்ட முருகன் பாட்டுப் புத்தகங்கள் நாலைந்தை எடுத்துப் போய்க் கோயிலில் கொடுங்கள். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.