பாலக்காட்டு நூலகத்தில் தமிழ்ப் பிரிவு: கேட்டுப் பெற்ற முறை

பாலக்காடு நகரில் நான் உறுப்பினராக இருக்கும் பொது நூலகத்தில் இப்போது தமிழ்ப் பிரிவு ஒன்று, திறந்த அலமாரிகளோடும் தமிழிலேயே தேடக்கூடிய பட்டியலோடும் இயங்கி வருகிறது. அதைப் பெறுவதற்கு யாரிடம் போனீர்கள், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று சித்தூரிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மூணாறு பக்கத்திலிருந்தும் நண்பர்கள் தொடர்ந்து கேட்பதால், நடந்ததை விரிவாக எழுதி வைக்கிறேன். கேரளத்தில் நூலகங்கள் இயங்கும் முறை தமிழ்நாட்டு முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அது தெரியாமல் மனு எழுதத் தொடங்கினால் மனு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. கிளை நூலகம் ஒரு துறையின் கீழ் இயங்குகிறது, நூல்கள் பெரும்பாலும் மேலிருந்து தேர்வாகி வருகின்றன. கேரளத்திலோ நூலகம் ஊர்மக்கள் கட்டி எழுப்பிய இயக்கமாக வளர்ந்தது. 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் என்னும் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு 1989ஆம் ஆண்டின் சட்டம் மாநில, மாவட்ட, தாலுகா நூலகக் கவுன்சில்களை உருவாக்கியது. கட்டட வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. நூலகங்கள் தரம் பிரிக்கப்பட்டு மானியம் பெறுகின்றன. ஆனாலும் ஒரு வாயனசாலையை, அதாவது ஊர் நூலகத்தை, நடத்துவது அதன் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுதான். எந்த நூலை வாங்குவது, எந்த நாளிதழைப் போடுவது என்பதை அந்தக் குழு கூடி முடிவு செய்கிறது. ஆகவே வெளியிலிருந்து மனுக் கொடுப்பவரைவிட உள்ளே உறுப்பினராக இருப்பவரின் குரலுக்கு அங்கே வலு அதிகம். தமிழ்நூல்கள் இல்லை என்பதாலேயே உறுப்பினராகாமல் இருந்துவிடுகிறவர்கள் நம்மில் மிகுதி. அவர்கள் சேராதவரை குழுவின் கணக்கில் தமிழ் வாசகர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.

உறுப்பினராவது கடினமாக இருக்கவில்லை. விண்ணப்பம் மலையாளத்தில் இருந்தது. நூலகர் அருகில் அமர்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கினார். வாடகை வீடு என்பதால் முகவரிச் சான்றோடு வார்டு கவுன்சிலரின் கையொப்பமும் கேட்டார்கள். அதைப் பெற்றுக் கொடுத்ததும் வைப்புத்தொகையைக் கட்டி அட்டையை வாங்கிக்கொண்டேன்.

தமிழ்நூல்கள் அங்கே அறவே இல்லாமலில்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்பு பீரோவில், பல காலமாக யார் யாரோ நன்கொடையாகத் தந்தவை அடுக்கப்பட்டிருந்தன. அதன் சாவி செயலாளரிடம் இருந்தது. திறந்தபோது, முதுகில் ஒட்டிய பசை காய்ந்து அட்டைகள் கழன்ற நாவல்களும், பாதியில் நின்றுபோன வார இதழ்த் தொகுப்புகளும், ஒரே சோதிட நூலின் பல பிரதிகளும் கிடைத்தன. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் தேதி முத்திரை குத்தும் தாள் ஒட்டப்பட்டிருந்தது. பலவற்றில் அது முத்திரை ஏதுமின்றி வெறுமையாகவே இருந்தது. அந்தத் தாள்கள்தான் பிறகு குழுவின் முதல் எதிர்வாதமாக வந்தன. தமிழ்நூல்களை எடுப்பவர் இல்லை, எடுக்காத நூலுக்குப் பணம் ஒதுக்கினால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். பூட்டிய பீரோவில் இருந்த நூலை யாரும் எடுக்கவில்லை என்பதை வாசகரின் குறையாக எழுதக் கூடாது என்பதே என் பதில்.

இந்தியாவில் நூலக இயலுக்கு அடித்தளமிட்டவராகப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகள் எங்கள் நூலகத்தின் சுவரிலேயே மலையாளத்தில் எழுதி மாட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்னும் இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாசகர் வந்த பின்புதான் நூல் வாங்குவோம் என்பதற்கு இடமே இல்லை என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். செயலாளராக இருந்த மாஷ் (ஆசிரியர்) அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொண்டுவாருங்கள், குழுவில் வைக்கிறேன் என்றார். காரியம் உண்மையில் நகர்ந்தது அதற்குப் பிறகுதான்.

யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது நான் நினைத்திருந்ததைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. 1956இல் கேரளம் உருவாகும் வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி அரசின் பகுதியாக இருந்தது. இங்குள்ள தமிழர் ஒரே காலத்தில் ஒரே காரணத்துக்காக வந்து குடியேறியவர்கள் அல்லர். கல்பாத்தி அக்கிரகாரத்துப் பெரியவர்கள், ஒலவக்கோட்டில் ரயில்வேயில் பணிசெய்து ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பத்தினர், எல்லைக் கிராமங்களில் தமிழ்வழிப் பள்ளியில் படிப்பவர்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு அண்மையில் வந்தவர்கள் எனத் தேவைகள் வெவ்வேறாக இருந்தன. தமிழ்நூல் என்ற ஒற்றைத் தலைப்பில் நாவல்களை மட்டும் வாங்கிப் போட்டிருந்தால் இவர்களில் பாதிப்பேருக்குப் பயன்பட்டிருக்காது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவர்கள் வேலைத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பல தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தேர்வுக்கான வழிகாட்டி நூல்கள் ஏறக்குறைய எல்லாமே மலையாளத்தில் உள்ளன. பொள்ளாச்சியிலும் கோவையிலும் குவிந்து கிடக்கும் தமிழ் வழிகாட்டிகள் தமிழ்நாட்டுத் தேர்வுக்கானவை. வைக்கம் சத்தியாகிரகம், அய்யங்காளியின் போராட்டங்கள், நாராயண குருவின் பணி, கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கு நோக்கிப் பாய்வது ஆகியவற்றைத் தேர்வுக்கு வேண்டிய அளவில் அவை சொல்வதில்லை. வினாவைத் தமிழில் தந்துவிட்டு, விடையைப் படிக்கும் வழியை மட்டும் வேறு மொழியில் வைத்திருக்கும் இந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் எளிய வழியைக் காட்டினார். கேரளத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம்) தமிழ்வழி மாணவர்களுக்காக வெளியிடும் சமூக அறிவியல், அறிவியல் பாடநூல்களை எட்டாம் வகுப்பிலிருந்து முழுத் தொகுதியாகத் திரட்டி, வெளியே கொடுக்காமல் அங்கேயே அமர்ந்து படிக்கும் பகுதியில் வைத்துவிடலாம் என்றார். செலவு மிகக் குறைவு. பயனோ இன்றுவரை எங்கள் பிரிவில் வேறெந்த நூலையும்விட அதிகம்.

இன்னொரு தரப்பினர் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் படிக்கமாட்டார்கள். ராவுத்தர் குடும்பத்து அம்மா ஒருவர் எங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது, “எம் பேத்தி என்கூட நல்லாத் தமிழ் பேசுவா தம்பி, எழுத்துதான் தெரியாது, மலையாளத்துலதான் படிச்சா, அவளுக்கு என்ன வாங்குவீங்க?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அலமாரியால் மட்டும் விடை சொல்ல முடியாது. பெரிய எழுத்தில் அச்சான குழந்தை நூல்களையும், மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்புகளையும் பட்டியலில் சேர்த்தோம். முன்பே மலையாளத்தில் படித்த கதையைத் தமிழில் மீண்டும் படிக்கும்போது எழுத்துக்கூட்டுவது அவர்களுக்கு எளிதாகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஞாயிறுதோறும் நூலகத்தின் சிறு அறையில் எழுத்து கற்பிக்க முன்வந்தார். அந்த வகுப்புக்குக் குழந்தைகளைவிடக் கல்லூரிப் பெண்களே அதிகம் வருகிறார்கள்.

விண்ணப்பத்தை ஒரு பக்கம் மலையாளத்திலும் ஒரு பக்கம் தமிழிலும் எழுதினோம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளவும், அதே மொழியில் பதில் பெறவும் வழிசெய்கிறது. நிர்வாகக் குழு நடத்தும் நூலகம் அரசு அலுவலகம் அன்று என்பதால் அச்சட்டத்தைக் காட்டி நாங்கள் வாதாடவில்லை. மலையாளத்திலும் எழுதியது குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் நேரடியாகப் படித்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக. தமிழில் எழுதியது கையெழுத்திடுகிறவர் தாம் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக. மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5 லட்சம் பேர் என்பதையும் குறிப்பிட்டோம். ஆனால் குழுவை அசைத்தது அந்தத் தொகையன்று. கையெழுத்திட்டவர்களில் பலர் அதே வாரத்தில் உறுப்பினர் கட்டணமும் கட்டியிருந்தார்கள். அதை அவர்கள் கவனித்தார்கள்.

முதலில் சோதனையாகக் கோவைப் பதிப்பு நாளிதழ் இரண்டை வாசிப்பறையில் போட ஒப்புக்கொண்டார்கள். ஒலவக்கோட்டுப் பெரியவர்கள் காலையிலேயே வந்து வரிசையாக அமர்ந்து படித்ததும், எடுப்பார் இல்லை என்ற பேச்சு தானாகவே நின்றது. அடுத்த சிக்கல் நூல் வாங்குவதில் வந்தது. மானியத் தொகையில் வாங்கும் நூல்களில் பெரும்பங்கை எங்கள் நூலகம் மாவட்ட நூலகக் கவுன்சிலின் புத்தகத் திருவிழாவில்தான் வாங்குகிறது. அங்கே கடை விரிப்பவர்கள் பெரும்பாலும் மலையாளப் பதிப்பாளர்கள். அதனால் தமிழ்நூல்களுக்கான தொகையை உறுப்பினர் சந்தாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் தனியாக ஒதுக்கி, தீர்மானம் எழுதி, கோவையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குக் குழுவின் பொருளாளரையே அழைத்துச் சென்றோம். பதிப்பகத்தின் முத்திரையிட்ட ரசீது, தள்ளுபடி விவரம், நூல்வாரியான விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் இருந்ததால் தணிக்கையில் ஒரு கேள்வியும் எழவில்லை. இதே வழியில் முயல்கிறவர்கள் பொருளாளரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். பில்லைப் பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

பட்டியலிடுவதில் செலவழித்த உழைப்பு வெளியே தெரியாது, ஆனால் அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். பழைய தமிழ்நூல்களின் தலைப்புகள் கணினியில் ஆங்கில எழுத்துகளில் ஏற்றப்பட்டிருந்தன. ழகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருந்ததால், அலமாரியில் கண்முன்னே நிற்கும் நூலைக்கூடத் தேடல் இல்லை என்று காட்டியது. கோஹா என்னும் நூலக மென்பொருள் தமிழ் யூனிகோடு எழுத்தை ஏற்கும் என்பதால் ஒவ்வொரு தலைப்பையும் தமிழிலேயே மீண்டும் உள்ளிட்டோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, மலையாளத்தின் எண் 894.812. எண்ணின்படி அடுக்கினால் இரண்டு மொழியும் அடுத்தடுத்த தட்டுகளில் வந்துவிடுகின்றன. தனி அறை கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. மலையாள வாசகர்கள் தங்கள் தட்டிலிருந்து நகர்ந்துவந்து தமிழ்நூலைப் புரட்டிப் பார்ப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டுக்கே நூல் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் கேரள நூலகங்களில் முன்பே உண்டு. எங்கள் பகுதியில் அதை நடத்தும் சேச்சி தோளில் துணிப்பையும் கையில் நீளமான நோட்டுமாக நடந்தே வருவார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தமிழ்நூலின் உள்அட்டையிலும் மலையாளத்தில் தலைப்பும், கதையா, சமையலா, ஆன்மிகமா, மருத்துவமா என்ற ஒற்றைச் சொல்லும் எழுதி ஒட்டினோம். இப்போது எந்த வீட்டில் எது பிடிக்கும் என்பதை அவரே எங்களுக்குச் சொல்கிறார். நூலகத்துக்கு ஒருநாளும் வந்திராத பல அம்மாக்கள் அவருடைய நோட்டில் வாரந்தோறும் கையெழுத்திடுகிறார்கள்.

இதற்கிடையே கஞ்சிக்கோட்டுத் தொழிலாளர்கள் சிலர் ஒடியாவிலும் வங்காளத்திலும் நூல் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். நூலைத் தேர்ந்தெடுக்க அந்த மொழி அறிந்தவர் குழுவில் இல்லை என்ற தயக்கம் எழுந்துள்ளது. கேட்டவர்களில் இருவரையே உறுப்பினராக்கி, தேர்வை அவர்களிடம் ஒப்படைத்து, முதலில் நாளிதழிலிருந்து தொடங்கலாம் என்று நானும் ராவுத்தர் குடும்பத்து இளைஞர் ஒருவரும் எழுதிக் கொடுத்துள்ளோம். அடுத்த குழுக் கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது. அதற்குள் இருவருக்கும் முகவரிச் சான்று பெற்றுத் தருவதற்காகத் தொழிற்சாலை விடுதிப் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.